உறவைப் புகழ்வோரே, காணி எங்கே?

மலையகத்தைப் பற்றிப் பேச மேடை ஏறுவோர் எல்லோருக்கும் இப்போது ஒரு கதை கிடைத்திருக்கிறது. மண் சரிகிறது, லயம் புதைகிறது, பெற்றோரை இழந்த பிள்ளையைப் பக்கத்துக் காம்பராக்காரி இடுப்பில் தூக்கிக்கொள்கிறாள். "இரத்த உறவில்லை, ஆயினும் என்ன பாசம்! இதுவன்றோ நமது பண்பாடு!" என்று பேச்சாளர் கண் கசிகிறார். கைதட்டல் எழுகிறது, கூட்டம் கலைகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு ஆக்கிய சோற்றை மூன்றாகப் பங்கிட அந்தப் பெண் லயத்துக்குத் திரும்புகிறாள்.

இந்தப் பாராட்டை நாம் மறுக்கிறோம். அவள் செய்தது சிறிது என்பதனால் அன்று. அவள் செய்ததைக் காட்டி, செய்ய வேண்டியவர்கள் செய்யாது விட்டதை மறைக்கிறார்கள் என்பதனால்.

வெலிமடைப் பக்கம் வந்து பார்ப்பவர் முதலில் காண்பது பசுமையை. உமா ஓயாப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் தக்காளியும். மேலே ஏற ஏறத் தேயிலை. தேயிலைக்கு நடுவே தகரக் கூரை லயங்கள். தோட்டத்தில் நாட்கூலி போதாதவர்கள் காலையில் மலையிறங்கிக் கீழே மரக்கறித் தோட்டங்களில் மண் கொத்துகிறார்கள். அந்த மரக்கறித் தோட்டத்துச் சிங்கள விவசாயி செல்வந்தனும் அல்லன். 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடுத்தார்களே, அப்போது நிலத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவன் அவன். இதே ஆற்றை வெலிமடைக்கு அருகே புகுல்பொலவில் மறித்து மலையைக் குடைந்து திருப்பினார்கள்; 2014 டிசெம்பரில் சுரங்கத்துள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கிழங்குக்கு விலை விழுந்தால் விவசாயி கடன்படுகிறான். அவன் கூலியாள் வேண்டாம் என்கிறான். கூலியாளின் பெயர் கடைக்காரரின் கடன் கொப்பியில் நீள்கிறது. சிறிய ஊர் ஒன்று இப்படித்தான் நலிகிறது. இதற்குள் சாதி மதம் பாராத பாசத்தைத் தேடி வருவோர், இந்தக் கடன் கொப்பியையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

அந்த உறவு எங்கிருந்து வந்தது? திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கங்காணியின் பின்னே புறப்பட்டு, கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே நடந்தவர்களின் சந்ததி இது. காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தவர்களின் பிள்ளைகளை உடன் நடந்தவர்கள் கைப்பிடித்து அழைத்து வந்திராவிட்டால் இன்றைய மலையகம் ஏது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களை முதுகோடு முதுகாக ஒட்டி அடுக்கினான் துரை. ஒரு சுவருக்கு அப்பால் இருமுகிறவனின் இருமல் இப்பால் கேட்கும் இடத்தில் அந்நியன் எப்படி அந்நியனாகவே இருக்க முடியும்? தாய் கொழுந்து பறிக்கப் போனாள். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஒரு கிழவி ஆட்டினாள். அவளும் அப்பத்தாதான்.

இதைப் பொன்னுலகமாக வருணிக்க நமக்கு மனமில்லை. கங்காணி ஆள் கட்டியபோது சாதியையும் சேர்த்தே கட்டிக்கொண்டு வந்தான். லயத்துக்கு லயம் அது பிரிந்து நின்றது. பிறர் பிள்ளையைத் தூக்கிய இடுப்பும் பெரும்பாலும் பெண்ணின் இடுப்பே; அந்த வேலைக்குச் செக்ரோலில் கணக்கில்லை.

இனி, பொய்யான குடும்பம் ஒன்றைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். "தோட்டம் ஒரு குடும்பம், துரை அதன் தகப்பன்" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பின்னர் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தகப்பன்மார் மாறினரேயன்றி லயம் மாறவில்லை. மற்றொரு கூட்டம், பள்ளிக்குப் போக வேண்டிய தோட்டத்துச் சிறுமியைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அழைத்துப் போகும்போது, "எங்கள் வீட்டுப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்வோம்" என்று வாக்குக் கொடுக்கிறது. வீட்டுப் பிள்ளை அடுப்படியில் பாய் விரித்துப் படுப்பது எந்த நாட்டு வழக்கம்? உறவுச் சொல் சம்பளத்தைக் குறைக்கும் கருவியாகும் விதம் இதுவே.

சட்டமோ இம்மக்களுக்கு மறுவாய்ப்பு அளித்ததாகப் பலமுறை பெருமை பேசியிருக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு ஒரு "வாய்ப்பு" வந்தது: மணமானவர் தொடர்ந்து ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்டினால் பிரஜை ஆகலாம். எழுத்தறியாதவனிடம் ஏழாண்டுச் சான்று! எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டுகளின் பின் பாதி பாதியாகப் பங்கிட்டனர். ஆட்டு மந்தையைப் பிரிப்பவன்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்துப் பிரிப்பான். இங்கே அண்ணனுக்கு ஒரு கடவுச்சீட்டு, தம்பிக்கு வேறொன்று. இரத்த உறவுக்கே இந்தக் கதியென்றால், லயத்தில் விளைந்த உறவை எந்தப் படிவம் கண்டது? சின்னம்மா என்று அழைத்து வளர்ந்தவள் விண்ணப்பத்தில் "உறவினர் அல்லர்." பதுளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறியவர்களை வழியனுப்ப வந்தவர்கள் அடித்துக்கொண்டு அழுதார்கள், அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

அக்கரையில் தமிழக அரசு அவர்களுக்கென நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. மீண்டும் கூடை, மீண்டும் வரிசை வீடு. இங்கே "இந்தியாக்காரன்", அங்கே "சிலோன்காரன்." இங்கேயே எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் பிரஜாவுரிமை அளித்தன. வாக்குக் கிடைத்தது. காணி கிடைத்ததா?

இதுவே நமது வழக்கு. தோட்டத்துக் காம்பரா வேலையோடு கட்டப்பட்டது. பரம்பரையாகக் குடியிருந்தும் சுவரில் ஒரு சாளரம் வெட்ட அனுமதி கேட்க வேண்டும். உறுதி இல்லாத கூரையின் கீழ்ப் பிறர் பிள்ளையை ஏற்பவள் தன் பிள்ளைக்கே எதனை விட்டுச் செல்வாள்? மறுவாய்ப்பு என்பது மனிதர் ஒருவருக்கொருவர் இரங்கிக் கொடுப்பதாக மட்டும் இருக்கும் வரையில், ஏழை ஏழைக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பான். கொடுக்கக் கடமைப்பட்டவன் மேடையில் பேசிக்கொண்டே இருப்பான்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. மக்கள் போயிருக்க வேண்டியதுதானே என்று கேட்கும் கனவான்கள் உண்டு. எங்கே போவது? தமக்கென ஒரு பேர்ச் நிலமும் இல்லாதவர் வேறெந்த மலையில் குடிசை போடுவர்? 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கிற்று. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். லயங்கள் நின்ற இடத்தில் சேறுதான் கிடந்தது. அன்று அவர்களை அள்ளி அணைத்தவர் தம் வீட்டையும் இழந்த அயலவரே. தப்பியோரில் பலர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முடங்கிக் கிடந்தனர். 75 வீடுகள் கட்டி முடிய 2016 ஆயிற்று. அந்த 75ஐயும் நாம் இகழவில்லை. மண் சரிந்த பின்னர் கிடைக்கும் நிலம் சரிவதற்கு முன்னர் ஏன் கிடைக்கவில்லை என்றே கேட்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மறுபடியும் சரித்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

வெலிமடைச் சிங்கள விவசாயிக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. தோட்டத்தான் நிலம் கேட்பது அவனது வயலை அன்று. கம்பனி தரிசாகப் போட்டிருக்கும் தேயிலை மலையை. வற்றிய கிணற்றுக்காரனும் சரிந்த லயத்துக்காரனும் ஒரே அலுவலக வாசலில்தான் காத்து நிற்கிறார்கள். அவர்களை வெவ்வேறு வரிசையில் நிற்கச் சொல்பவர் யார் என்பதை இருவரும் அறிந்தால் போதும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் மேசைக்கு வரும் மாணவர் படிவத்தைப் பாருங்கள். "பாதுகாவலர்" என்ற இடத்தில் பக்கத்துக் காம்பராப் பெண்ணின் பெயரை எழுதுகிறீர்கள். "உறவு முறை" என்ற இடத்தில் சற்றுத் தயங்கிப் பின்னர் "சிறிய தாய்" என்று எழுதுகிறீர்கள். நல்லது, அப்படியே எழுதுங்கள். அடுத்த வரி "நிரந்தர முகவரி." அங்கே பிள்ளை தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் சொல்லும், அதற்கு மேல் சொல்ல அதனிடம் இலக்கமோ தெருவோ கிடையாது. நீங்கள் அந்தப் பெண்ணுக்கு அனுப்பும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கிடக்கிறது.