தானே நீங்கிய வாதம்



சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் பலரும் பேசிக்கொண்டு நின்றிருந்தோம். அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரின் கையிலிருந்த செபமாலை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க முயன்றார், வலக்கை அவர் விருப்பத்திற்கு இணங்கவில்லை. பேச்சும் குழறிற்று. நாற்காலி கொணர்ந்து அமர்த்தினோம். கால் மணி நேரம் சென்றபின் கை பழையபடி இயங்கியது, பேச்சும் தெளிந்தது. “வாயுப் பிடிப்புங்க, வேறொன்றுமில்லை” என்று அவரே நகைத்தார். வெறும் வயிற்றோடு வந்ததால் நேர்ந்த மயக்கம் என்றார் மற்றொருவர். நாமும், “வீட்டிற்குச் சென்று ஓய்வெடுங்கள்” என்று கூறி அனுப்பிவைத்தோம்.

மறுநாள் இரவு அவருக்குப் பாரிச வாயு கண்டது. இன்று உயிரோடிருக்கிறார், ஆயினும் வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று. பேரக்குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்க நா எழவில்லை. அன்று நாம் கூறிய ஆறுதல் மொழி இன்றளவும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. ஆகவேதான் இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

அன்று முற்றத்தில் நேர்ந்ததைச் சிறு பக்கவாதம் என்பர். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை ஒரு சிறு இரத்தக் கட்டி அடைக்கின்றது. பின்னர் அது தானே கரைந்தோ நகர்ந்தோ விடுகின்றது. சொட்டுநீர்க் குழாயில் அடைத்த துரும்பு தானே விலகினால், நம் கொங்கு நாட்டு விவசாயி அத்துடன் நிம்மதி அடைவதில்லை. துரும்பு எங்கிருந்து வந்தது, இன்னும் எத்தனை வரும் என்று ஆராய்கிறார். உடல் விஷயத்திலோ நாம் அவ்வாறு செய்வதில்லை. அறிகுறி நீங்கியதும் நோயே நீங்கிற்று என்று எண்ணிவிடுகிறோம்.

இவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெளிவந்த ஓர் ஆய்வு புலப்படுத்திற்று. சிறு பக்கவாதத்துடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,707 பேரில், 90 நாட்களுக்குள் 180 பேருக்கு முழுப் பக்கவாதம் ஏற்பட்டது. அவர்களுள் 91 பேருக்கு அது வந்தது முதல் 2 நாட்களுக்குள்!

அபாயம் யாருக்கு மிகுதி என்று கணிக்க, 2007ஆம் ஆண்டு கலிபோர்னிய, ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் சேர்ந்து 7 மதிப்பெண் கொண்ட ஒரு முறையை வகுத்தனர். வயது 60 அல்லது அதற்கு மேல் எனில் 1. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் எனில் 1. உடலின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் 2, தளர்ச்சியின்றிப் பேச்சு மட்டும் குழறினால் 1. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்தால் 2, பத்து நிமிடம் முதல் ஒரு மணிக்குள் எனில் 1. சர்க்கரை நோய் இருப்பின் 1. கூட்டுத்தொகை 3 வரை எனில், இரண்டு நாட்களுக்குள் பக்கவாதம் வருவோர் நூற்றுக்கு ஒருவர். 4, 5 எனில் நால்வர். 6, 7 எனில் எண்மர்.

நம் பெரியவரின் கணக்கைப் பாருங்கள். வயதுக்கு 1, கை தளர்ந்ததற்கு 2, கால் மணி நேரத்திற்கு 1. சர்க்கரைக்கு மாத்திரை உண்பவராதலால் மேலும் 1. இரத்த அழுத்தம் பாராமலேயே 5! முற்றத்தில் நின்ற எவரும் விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. மதிப்பெண் குறைவென்று வீட்டில் இருந்துவிடலாகாது. கழுத்து இரத்தக் குழாயின் சுருக்கத்தையோ இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையையோ இக்கணக்கு காட்டாது. 2019ஆம் ஆண்டின் பிரித்தானிய வழிகாட்டு நெறியும் இதனைக் கொண்டு அவசரத்தை முடிவு செய்ய வேண்டாம் என்றே கூறுகின்றது. ஆகவேதான் மருத்துவர் ஸ்கேன், இ.சி.ஜி., கழுத்துக் குழாய்ப் பரிசோதனை ஆகியவற்றையும் நாடுகிறார்.

விரைந்து சென்றால் பயன் உண்டா? உண்டு. ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பீட்டர் ராத்வெல் குழுவினர், சிகிச்சை தொடங்கும் காலத்தைச் சுமார் 20 நாட்களிலிருந்து ஒரே நாளாகக் குறைத்தனர். 90 நாட்களுக்குள் பக்கவாதம் கண்டோர் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து இரண்டு பேராகக் குறைந்தனர். இது 2007ஆம் ஆண்டு வெளியான முடிவு.

ஆதலால் குடும்பத்தார் செய்ய வேண்டியவை இவை. முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண் திடீரென இருண்டாலோ, உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். 108ஐ அழையுங்கள். உண்ணவோ பருகவோ கொடாதீர்கள். இரத்தக் கசிவு இல்லையென்று ஸ்கேன் காட்டும்முன் ஆஸ்பிரின் முதலியவற்றை நீங்களாகவே கொடுத்தலும் தகாது. உண்ணும் மாத்திரைகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

மருத்துவமனையை அடையும்போது நோயாளி நலமாகவே காணப்படலாம். அப்பொழுது கண்டவர்தாம் சாட்சி. “இன்ன நேரத்தில் வலக்கை விழுந்தது, இத்தனை நிமிடம் பேச்சு வரவில்லை” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வால்பாறைத் தோட்டத்துக் குடும்பங்கள் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சமவெளிக்கு வரவேண்டும். அவர்கள் ‘நாளை பார்ப்போம்’ என்று தள்ளிப்போடவே கூடாது. நோயாளரைச் சந்திக்கச் செல்லும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இவ்வறிகுறிகளை வீடுதோறும் எடுத்துரைப்பார்களாக.

தானே நீங்கிய வாதம் குணமன்று, அது எச்சரிக்கை. அந்தப் பெரியவரிடம் நாம் சொல்லத் தவறியதை, உங்கள் இல்லத்துப் பெரியவர்களிடம் நீங்கள் சொல்லத் தவறாதீர்கள்.