வருமுன் வரும் பேச்சு

"புதிதாக ஒன்று வரப்போகிறதாம் உம்மா, அதில் எல்லாமே இருக்குமாம்" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்களா, சகோதரிகளே? ஐபேடின் கதையைச் சொல்லுங்கள். படமும் பாட்டும் புத்தகமுமாக வரப்போகும் அந்தக் கையடக்கக் கருவியின் விலை 1,000 டொலர்வரை போகும், கமராவும் இருக்கும் என்றெல்லாம் முன்கூட்டியே ஊகங்கள் உலாவின. 2010 ஜனவரி 27இல் அப்பிள் நிறுவனம் அதை அறிமுகம் செய்தபோது ஆரம்ப விலை 499 டொலர்தான். கமராவோ இல்லை! 2011இல் வந்த இரண்டாவது ஐபேடில்தான் அது சேர்ந்தது.

ஆகவே, பேச்சை நம்பிச் சீட்டுக் காசை ஒதுக்கிவிடாதீர்கள். பொருள் கடைக்கு வரட்டும். கையிலெடுத்துப் பாருங்கள். விலை என்ன, உத்தரவாதம் எத்தனை காலம், பிள்ளைக்கு எதற்குத் தேவை என்று விசாரியுங்கள். பிறகு முடிவெடுங்கள்.