கெய்ரோவின் இரண்டு கணக்குகள்

2025 ஜனவரியில் டிரம்ப் நிர்வாகம் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிகளைத் தொண்ணூறு நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கான மருந்து விநியோகம் கூடத் தடைப்பட்டது. அந்த உத்தரவில் நாட்டின் பெயர் குறித்து விலக்களிக்கப்பட்ட ராணுவ உதவிகள் இரண்டே. ஒன்று இஸ்ரேலுக்கு, மற்றொன்று எகிப்துக்கு. ஜனநாயகத்தை வளர்க்கவென்று ஒதுக்கப்பட்ட நிதி வெட்டப்பட்டது. ஜெனரல் சிசியின் படைக்குப் போகும் நிதியில் ஒரு டாலர் கூடத் தொடப்படவில்லை. எகிப்தின் கடந்த நாற்பதாண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் திகைப்பதற்கு ஒன்றுமில்லை.

1979இல் இஸ்ரேலுடன் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டதிலிருந்து எகிப்திய ராணுவம் வாஷிங்டனின் தயவில் வாழ்கிறது. 1987 முதல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 130 கோடி டாலர். இதன் பெரும்பகுதி அமெரிக்க ஆயுத நிறுவனங்களுக்கே திரும்பிச் சென்றுவிடும் என்பது வேறு செய்தி. இந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஜனநாயக உதவி என்பது சில்லறை. 2005இல் கெய்ரோவுக்கு வந்த காண்டலீசா ரைஸ், அறுபதாண்டுகளாகத் தம் நாடு ஜனநாயகத்தைப் பலிகொடுத்து நிலைத்தன்மையைத் தேடியது தவறு என்று மாணவர்கள் முன் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பினர் 88 இடங்களில் வென்றனர். அத்துடன் அந்த ஞானோதயம் அடங்கிவிட்டது. 2009இல் ஒபாமா நிர்வாகம் ஜனநாயக நிதியைக் குறைத்ததோடு, முபாரக் அரசிடம் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே அது தரப்படும் என்றும் இணங்கியது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

2011 பிப்ரவரியில் முபாரக் வீழ்ந்ததும் சில்லறை சற்றுத் தாராளமாயிற்று. ஏறத்தாழ 6.5 கோடி டாலர் ஜனநாயகப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று ராணுவக் குழுவின் ஆட்சி, அமெரிக்காவின் இரு பெருங்கட்சிகளைச் சார்ந்த ஜனநாயக நிறுவனங்கள், ஃப்ரீடம் ஹவுஸ், ஜெர்மனியின் அடினாவர் அறக்கட்டளை ஆகியவற்றின் அலுவலகங்களிலும் சில எகிப்திய அமைப்புகளிலும் சோதனை நடத்தியது. 43 பேர் மீது வழக்கு. புரட்சியைத் தன் நலனுக்குத் திருப்பவே அமெரிக்கா பணத்தை இறைக்கிறது என்று முழங்கினார் அமைச்சர் ஃபாய்சா அபுல் நாகா. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழங்கியவர் முபாரக் காலத்திலிருந்தே அமைச்சராக இருந்தவர். ராணுவத்துக்கு வரும் 130 கோடி டாலர் அவருக்குத் தேச அவமானமாகப் படவில்லை.

அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்த அமெரிக்கர்கள், அவர்களில் ஒருவர் ஒபாமா அமைச்சரவை உறுப்பினரின் மகன், ஆளுக்கு 20 லட்சம் எகிப்திய பவுண்டு பிணைத்தொகையில் 2012 மார்ச் 1 அன்று தனி விமானமேறினர். அதே மாதத்தில் ஹிலாரி கிளிண்டன், ஜனநாயக முன்னேற்றம் வேண்டும் என்ற நாடாளுமன்ற நிபந்தனையைத் தளர்த்தி ராணுவ உதவியை விடுவித்தார். வழக்கு மட்டும் நின்றது. 2013 ஜூனில் 43 பேருக்கும் தண்டனை விதிக்கப்பட்டபோது, தீர்ப்பை நேரில் கேட்க வேண்டியிருந்தவர்கள் பெரும்பாலும் எகிப்தியர்களே. அவர்களில் பலர் சம்பளத்துக்கு வேலைபார்த்த ஊழியர்கள். மறுவிசாரணையில் விடுதலை கிடைக்க 2018 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

அன்று தொடுக்கப்பட்ட அம்பு அந்த அலுவலகங்களோடு நிற்கவில்லை. 2011ஆம் ஆண்டின் 173ஆம் எண் வழக்கு என்ற அதே கோப்பின்கீழ், சித்திரவதைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் உழைத்த எகிப்தியரின் சொத்துகள் முடக்கப்பட்டன, பயணத்தடைகள் விதிக்கப்பட்டன. தேசநலனுக்கு எதிராக வெளிநாட்டுப் பணம் பெற்றால் ஆயுள் தண்டனை என்று 2014இல் சிசி சட்டத்தைத் திருத்தினார். எது தேசநலன் என்று தீர்மானிப்பவரும் அவரே.

ஏகாதிபத்தியப் பணத்தை எதிர்ப்பவர்கள் இத்தகைய சோதனைகளை வரவேற்க வேண்டும் என்று எண்ணும் போக்கு இடதுசாரிகள் சிலரிடமும் உண்டு. அது பிழை. நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதும் இயக்கம் நாளடைவில் உறுப்பினருக்குப் பதில்சொல்லும் பழக்கத்தை இழக்கிறது. கொடுப்பவர் கையை மூடும் நாளில் அது சரிகிறது. 2025இல் உலகெங்கும் கண்டது இதைத்தான். அதற்காகக் காவல்துறையிடம் சாவியைக் கொடுத்துவிட முடியாது. இந்தியாவில் அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது 1976இல், அவசரநிலையின்போது. பாஜகவும் காங்கிரசும் அதை மீறியதாக 2014இல் தில்லி உயர்நீதிமன்றம் கூறியதும், மோடி அரசு நிதி மசோதாக்களின் வழியே 2016இலும் 2018இலும் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்திக் கட்சிகளைக் காப்பாற்றிக்கொண்டது. தொண்டு நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றுக்கு 2020இல் பிடி மேலும் இறுக்கப்பட்டது.

எகிப்தில் முபாரக்கின் அடித்தளத்தை முதலில் அசைத்தது எந்தப் பயிற்சிப் பட்டறையும் அன்று. 2006 டிசம்பரில் மகல்லா பஞ்சாலையில், வாக்களித்த போனஸ் வரவில்லை என்று பெண் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். ஆண்கள் எங்கே என்று கேட்டபடி ஆலையை வலம்வந்தனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அரசு பணிந்தது. அந்த அலை மற்ற ஆலைகளுக்கும் பரவிய சில மாதங்களில், 2007 ஏப்ரலில், ஹெல்வானில் இருந்த தொழிற்சங்க, தொழிலாளர் சேவை மையத்தை அரசு இழுத்து மூடியது. வேலைநிறுத்தங்களைத் தூண்டியதே குற்றம். தஹ்ரீர் சதுக்கத்தில் 2011 ஜனவரி 30 அன்று சுயேச்சைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பை அறிவித்தவர்கள் இந்தப் போராட்டங்களில் வளர்ந்தவர்கள்.

2024 பிப்ரவரியில், குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மகல்லா ஆலை மறுபடியும் நின்றது. வேலைநிறுத்தம் செய்தவர்களில் சிலரைப் பாதுகாப்புப் படை பிடித்துச் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் பைடன் நிர்வாகம் மனித உரிமை நிபந்தனைகளைத் தள்ளிவைத்து, 130 கோடி டாலரையும் முழுமையாக விடுவித்தது.