பெட்டிக்குத்தான் காசு, பவுடர் இலவசம்

வழக்கமா இந்தப் பக்கம் மொக்கையும் ஊர்க்கதையும்தான் போடுவேன். இன்னைக்குக் கொஞ்சம் கோபமான பதிவு. யார் மேல கோபம்னா, முதல்ல என் மேலதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. அப்ரைசல் முடிஞ்சு போனஸ் வந்திருந்த நேரம். மதியம் கோவில்பட்டியிலேர்ந்து அம்மா போன். "பாப்பா, கண்ணாடி பவர் மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊசியில நூல் கோர்க்க முடிய மாட்டேங்குது. ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆகுமாம்." நான் ஆணி பிடுங்கிக்கிட்டே, "அடுத்த மாசம் ஊருக்கு வர்றப்ப பார்த்துக்கலாம்மா"ன்னேன். "அவசரம் ஒண்ணும் இல்ல"ன்னு அம்மாவும் வச்சுட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலமே ஒரு மால்ல, பளபளன்னு ஒரு கவுண்டர் முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நான் நல்ல கறுப்பு. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ரோஸ் பவுடர் அடிச்சு, சாம்பல் பூசின மாதிரி மேடையேறின அனுபவம் எல்லாம் உண்டு. கவுண்டர்ல இருந்த பொண்ணு என் முகத்தைப் பார்த்துட்டு ரொம்பப் பரிவா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாங்க: "உங்க ஸ்கின் டோனுக்கு சாதாரண பிராண்ட் எல்லாம் எடுக்காது மேம்."

அவ்வளவுதான். ஐஷேடோ பேலட் ஒண்ணு 5,900 ரூபாய். லிப் கிளாஸ் ஒண்ணு 3,200 ரூபாய். மொத்தம் 9,100. பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வர்ற வரைக்கும் அம்மா ஞாபகம் வரவே இல்லை.

சரி, சொந்தப் புலம்பல் போதும். விஷயத்துக்கு வர்றேன். "லக்ஸுரி மேக்கப்னா லக்ஸுரிதாங்க, தரம்னா தரம்"னு சொல்ற மக்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஐஷேடோ டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு பின்னாடி படிச்சுப் பாருங்க. மைக்கா, டால்க், இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, எல்லாத்தையும் பிடிச்சு வைக்க ஒரு சிலிக்கோன் எண்ணெய் இல்லேன்னா ஸ்டியரேட். 300 ரூபாய் டப்பாவுலயும் பெரும்பாலும் இதே குடும்பம்தான், 5,000 ரூபாய் டப்பாவுலயும் இதே குடும்பம்தான். மைக்கான்னா வேற எதுவும் இல்லை, சின்ன வயசுல மண்ணுல பொறுக்கின காக்காப்பொன்தான். அந்தத் தகட்டு மேல டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிசாப் பூசுவாங்க. பூச்சோட கனம் மாற மாற, அதே பொருள் வெள்ளியா, தங்கமா, சிவப்பா, நீலமா மினுங்கும். சோப்புக் குமிழியில வானவில் தெரியுதே, அதே இயற்பியல். இது எந்த பிராண்டோட ரகசியமும் இல்லை.

லிப் கிளாஸ் கதை இன்னும் சின்னது. பிசுபிசுன்னு ஒட்டுற பாலிபியூட்டீன் மாதிரி ஒரு கெட்டி எண்ணெய், கொஞ்சம் சிலிக்கா, கொஞ்சம் நிறம், கொஞ்சம் வாசனை. உதட்டு மேல வழுவழுன்னு ஒரு படலம், அதுல வெளிச்சம் பட்டுத் திரும்புது. உதட்டைத் தடிமனாக் காட்டுற வகைன்னா புதினா சத்தோ மிளகாய் சத்தோ சேர்த்திருப்பாங்க. அந்தச் சுரீர் எரிச்சல்ல லேசா வீங்கும். ஒரு டம்ளர் காபி குடிச்சா பாதி கிளாஸ் டம்ளர்ல இருக்கும். 3,200 ரூபாய் கிளாஸும் டம்ளர்லதான் இருக்கும், 450 ரூபாய் கிளாஸும் டம்ளர்லதான் இருக்கும். டம்ளருக்கு பிராண்ட் தெரியாது :)

"அப்படி இல்லம்மா, ஆராய்ச்சிக்குக் காசு"ன்னு அடுத்த கட்சி வரும். லோரியால்னு ஒரே கம்பெனி. லான்கோமை 1964ல வாங்கினாங்க, மேபிலினை 1996ல வாங்கினாங்க, இவ்ஸ் சான் லோரானோட மேக்கப் தொழிலை 2008ல வாங்கினாங்க. மால் கவுண்டர்ல விக்கிறதும் அவங்கதான், தெருமுனை ஃபேன்ஸி ஸ்டோர்ல தொங்குறதும் அவங்கதான். ரெண்டும் ஒரே கலவைன்னு நான் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். ஆனா ஆராய்ச்சின்னு ஒண்ணு நடந்தா அதோட பலன் விலை உசந்த டப்பாவுக்கு மட்டும்தான் போய்ச் சேரும்னு நினைக்கிறது அப்பாவித்தனம். அது போக, இத்தாலியில இண்டர்காஸ்னு ஒரு கம்பெனி 1972லேர்ந்து இருக்கு. அவங்க வேலையே மத்த பிராண்டுகளுக்கு மேக்கப் தயாரிச்சுக் கொடுக்கிறதுதான். டப்பா மேல பேர் இருக்கிறவங்கதான் உள்ள இருக்கிறதையும் அரைச்சாங்கன்னு நாமளா நினைச்சுக்கிறோம்.

அப்போ காசு எங்க போகுது? இதுக்குப் பதிலை ஒரு பிராண்டே விலைப்பட்டியல்ல எழுதி வச்சுடுச்சு. 2025 ஆகஸ்ட்ல லூயி வுயிட்டான் மேக்கப் விற்க ஆரம்பிச்சாங்க. ஐஷேடோ பேலட் 250 டாலர், நம்ம கணக்குல இருபதாயிரத்துக்கு மேல. தீர்ந்து போனா உள்ள போட ரீஃபில் உண்டு, அது 92 டாலர். கழிச்சுப் பாருங்க. 158 டாலர் பெட்டிக்கு! அதாவது நூத்துக்கு 63 ரூபாய். லிப்ஸ்டிக் 160, ரீஃபில் 69. அங்கேயும் பாதிக்கு மேல கூடுதான். அந்த 92லயும் பேருக்குன்னு எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. (லிப்ஸ்டிக் மொத்தம் 55 ஷேட். எல், வி ரெண்டையும் ரோமன் எண்ணாப் படிச்சா 55 வருதே, அதுக்காகவாம். உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க!)

"ரீஃபில் இருக்குல்ல, ஒரு தடவை வாங்கினா காலத்துக்கும் ஆச்சே"ங்கறீங்களா? கையை நெஞ்சுல வச்சு சொல்லுங்க, ஐஷேடோ பேலட்டை அடித்தட்டு தெரியற வரைக்கும் தீர்த்த ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம். பேலட்ங்கறதே தீராத மாதிரி அமைச்ச பொருள். அஞ்சு நிறம் இருக்கும், நாம போடறது ரெண்டு. ஆபீசுக்கு அந்தப் பிரவுன், கல்யாணத்துக்கு அந்தத் தங்கம். மீதி மூணும் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்த விருந்தாளிங்க.

என் கணக்கையே சொல்றேன். 5,900 ரூபாய் பேலட்டை ரெண்டு வருஷத்துல ஒன்பது தடவை போட்டிருக்கேன். தடவைக்கு 655 ரூபாய். எடை ஆறு கிராம், கிராம் 980 ரூபாய்க்கு மேல. கிளாஸ் ஒரு வருஷத்துல வாசனை மாறிப்போச்சு. திறந்த டப்பா மாதிரி ஒரு படம் போட்டு 12 எம்னு எழுதியிருக்கும் பாருங்க, திறந்த பிறகு எத்தனை மாசம் வச்சுக்கலாம்னு அர்த்தம். நான் அதைப் படிச்சது தூக்கிப் போடறப்பதான்.

இப்போ அந்த கவுண்டர் வாக்கியத்துக்கு வர்றேன். "கறுப்புத் தோலுக்கு மலிவானது எடுக்காது." இதுல பாதி உண்மை இருக்கு, அதான் இது விற்குது. டால்க் மாதிரி வெள்ளை நிரப்பி அதிகமா, நிறமி கம்மியா இருந்தா நம்ம தோல் மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதான் தெரியும். ஆனா நிறமி எவ்வளவு இருக்குங்கறதை விலைச்சீட்டு சொல்லாது. விரல் சொல்லும்.

வீட்ல தோழிங்க நாலு பேரை உட்கார வச்சு சோதிச்சேன். கையில மூணு கோடு, மூணும் பழுப்புத் தங்கம். ஒண்ணு 5,900, ஒண்ணு 600, ஒண்ணு 350. எது எதுன்னு சொல்லலை. 350ஐ நாலு பேரும் தள்ளிட்டாங்க, பொடியா உதிர்ந்தது. மிச்ச ரெண்டுல ரெண்டு பேர் 600தான் விலை கூடினதுன்னு சத்தியம் பண்ணாங்க. நாலு பேர் சோதனை ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனா ஒன்பது மடங்கு வித்தியாசம் இருக்கிற பொருள், நாலே பேர்கிட்ட கூடத் தன்னை நிரூபிக்கலைன்னா பிரச்சினை யார்கிட்ட?

"விலை கூடினது சுத்தமா, பாதுகாப்பா இருக்கும்"னும் சொல்வாங்க. ஈயம், ஆர்செனிக் கலந்த நிறமி கூடாதுங்கற சட்டம் இந்தியாவுல விற்கிற எல்லா டப்பாவுக்கும் ஒண்ணுதான். நியாயமாச் சம்பாதிச்ச பொருளாங்கறீங்களா? ஜார்கண்ட், பீகார் பக்கம் சட்டவிரோத மைக்கா சுரங்கங்கள்ல குழந்தைங்க செத்துப்போனதை 2016ல ராய்ட்டர்ஸ் வெளிய கொண்டுவந்தது. 2017ல பெரிய கம்பெனிங்க இதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிக்க வேண்டி வந்தது. அந்தக் காக்காப்பொன் விலை பார்த்து டப்பாவுக்குள்ள போகலை.

இதுக்கு நடுவுல "பொண்ணுங்கன்னாலே இப்படித்தான் செலவு"ன்னு சிரிச்சுக்கிட்டே வர்ற அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. லட்ச ரூபாய் போனை வாங்கி, அதுல வாட்ஸப் ஃபார்வர்ட் மட்டும் பார்க்கிறீங்களே, அதுவும் பெட்டிக்குக் கொடுத்த காசுதான். நீங்க ஓரமா நில்லுங்க. மேக்கப் போடறது தப்புன்னு நான் சொல்லலை. நான் இன்னைக்கும் போட்டுக்கிட்டுதான் இதை எழுதறேன்.

"என் காசு, என் சந்தோஷம்"ங்கறவங்களோட எனக்குச் சண்டையே இல்லை. அந்தப் பெட்டி மூடுற டொக் சத்தம் பிடிச்சிருக்கா, வாங்குங்க. ஆனா பெட்டி வாங்கினேன்னு சொல்லுங்க. தரம் வாங்கினேன்னு சொல்லாதீங்க. அதைவிட முக்கியம், உங்க நிறத்தைக் குறையாக் காட்டி யாராவது விற்றா அந்த இடத்தை விட்டு நகருங்க. பேலட் வேண்டாம், தனி ஷேடா ஒண்ணோ ரெண்டோ எடுங்க. கையில தடவி, கடை வெளிச்சத்துல இல்லாம வாசல் வெயில்ல பாருங்க. பேட்ச் நம்பரும் தேதியும் இல்லாத நகலை மட்டும் பாதி விலைன்னாலும் தொடாதீங்க. கிளாஸுக்கு 500 ரூபாய் தாண்டாதீங்க, டம்ளருக்குத்தானே போகப்போகுது.

கடைசியா ஒண்ணு. அடுத்த மாசம் சொன்னபடி ஊருக்குப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். 2,400 ரூபாய். அம்மா அதைப் போட்டுக்கிட்டு முதல்ல தினத்தந்தி படிச்சாங்க, அப்புறம் என் பையைக் குடைஞ்சு அந்தப் பேலட்டை எடுத்தாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, பின்னாடி இருந்த பொடி எழுத்தைப் படிச்சாங்க.

"ஆறு கிராம்னு போட்டிருக்கே பாப்பா. என்ன விலை?"

"அறுநூறும்மா"ன்னேன்.

"இத்தனூண்டுக்கு அறுநூறா? உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

டிஸ்கி: அம்மாவுக்கு இந்தப் பக்கம் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சு எழுதறேன். தெரிஞ்சவங்க யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க, ப்ளீஸ் :(