குழந்தைக்குத் தொண்டை வலியா? ‘போன தடவை குடுத்த மருந்து’ ஏன் வேண்டாம்?

மாலையில் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்குகிறீர்கள். வீட்டிலிருந்து போன்: “பாப்பாவுக்குத் தொண்டை வலி, ஜுரம் அடிக்குதுங்க.” வழியில் மெடிக்கல். “அண்ணா, போன தடவை குடுத்தீங்களே, அதே ஆன்டிபயாடிக் குடுங்க.” இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. எந்த ஊரிலும் நடப்பதுதான். இதில் என்ன தப்பு?

எல்லா தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் தேவையா?

இல்லை. குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் பத்தில் சுமார் மூன்றுக்குத்தான் ‘குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ பாக்டீரியா காரணம். மற்றவை பெரும்பாலும் வைரஸ். வைரஸிடம் ஆன்டிபயாடிக் செல்லாது.

இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருமல் இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் வலியுடன் நெறி கட்டுதல் இருந்தால் பாக்டீரியாவா என்று பார்க்க வேண்டும். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதித்தால் உறுதியாகிவிடும்.

அப்படியே விட்டால்?

பாக்டீரியா என்றால் விடக் கூடாது. சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து, இதய வால்வுகள் நிரந்தரமாகக் கெடலாம். தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தால் இதைத் தடுக்கலாம்.

எந்த மருந்து பலம் இழக்கிறது?

இங்கேதான் ஆச்சரியம். 1940-களில் புழக்கத்துக்கு வந்த பென்சிலின், அதே குடும்பத்து அமாக்ஸிசிலின் இரண்டும் இந்தக் கிருமியிடம் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. விலையும் குறைவு. ஆனால் 10 நாள் சாப்பிட வேண்டும். நாம் கேட்டு வாங்குவதோ சில நாட்களில் முடியும் அசித்ரோமைசினை. 2022-ல் ‘லான்செட்’ குழும இதழில் வந்த ஆய்வின்படி, 2019-ல் இந்தியத் தனியார் சந்தையில் அதிகம் பயன்பட்ட ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரைதான்.

இந்த மருந்து உடலைவிட்டு மெதுவாகவே வெளியேறும். குறைந்த அளவில் தங்கியிருக்கும் அந்த நாட்களில், தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். சில கிருமிகள் மருந்தை வெளியே தள்ளிவிடும். சில, மருந்து ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்ளும். இதே குடும்பத்து எரித்ரோமைசினுக்கு அடங்காத வகைகளைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2024 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் கவலைப் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது.

பென்சிலின் அலர்ஜி உள்ள குழந்தைக்கு முக்கியமான மாற்று இந்த மருந்துகள்தான். சளிக்கெல்லாம் அதைச் செலவழித்தால், உண்மையில் தேவைப்படும் குழந்தைக்குக் கைகொடுக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

அசித்ரோமைசின் ‘எச்’ அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ‘எச்-1’ அட்டவணை இன்னும் கடுமையானது: வாங்குபவர் விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். செஃபிக்ஸைம் அதில் இருக்கிறது, அசித்ரோமைசின் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

• மீதமிருக்கும் சிரப், பழைய சீட்டு இரண்டையும் மறந்துவிடுங்கள்.
• “இது வைரஸா, பாக்டீரியாவா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆன்டிபயாடிக் எழுதாவிட்டால் சந்தேகப்படாதீர்கள்.
• எழுதினால், வலி போனாலும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.
• மூச்சுத்திணறல், எச்சில்கூட விழுங்க முடியாத நிலை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.