"மஞ்சள் அடிக்குது" என்பதும் ஓர் அளவீடுதான்

ஓசூரைக் கடந்ததும் கர்நாடக எல்லைக்குள் வரும் ஊர் அத்திபெலே. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அதன் வழியே செல்கிறது. இத்தகைய நெடுஞ்சாலை ஊர்களின் டிங்கரிங் பட்டறைகளில், நசுங்கிய கதவை நிமிர்த்துவதைவிடக் கடினமானது புதிய பெயிண்ட்டைப் பழைய பெயிண்ட்டோடு பொருத்துவது.

காரின் நிறக் குறியீட்டைக் கணினியில் இட்டால் கலவை விகிதம் கிடைத்துவிடும். ஆனால் அக்குறியீடு சொல்வது கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தை. பல்லாண்டு வெயிலில் நின்ற கதவின் நிறத்தை அது அறியாது. மெட்டாலிக் பெயிண்ட்டில் சிக்கல் இன்னும் கூடும். ஸ்பிரே கன்னின் காற்றழுத்தமோ தின்னர் உலரும் வேகமோ மாறினால் அலுமினியத் துகள்கள் படியும் விதம் மாறும். நேரே பொருந்திய நிறம் பக்கவாட்டில் இருண்டு தெரியும். குழல்விளக்கில் ஒன்றாய்த் தோன்றியவை வெயிலில் இரண்டாய்ப் பிரிவதும் உண்டு.

ஆகவே பெயிண்டர் அட்டையில் அடித்து, உலரவிட்டு, வெயிலில் வைத்துப் பார்க்கிறார். "மஞ்சள் அடிக்குது" என்று கலவையைத் திருத்துகிறார். எஞ்சும் வேற்றுமை கண்ணில் படாதிருக்க, அடிபடாத பக்கத்துப் பேனல்வரை புது நிறத்தைப் படிப்படியாக மங்கவிட்டு, மேலே கிளியர் கோட் அடிக்கிறார். விளிம்பு மறைந்தால் வேற்றுமையும் மறைகிறது.

1969-இல் பெர்லினும் கேயும் வெளியிட்ட நூலுக்குப் பின், நிறச்சொல் ஆய்வு பெரிதும் நிறங்களின் பெயர்களையே சுற்றி வந்தது. "மஞ்சள் அடிக்குது" என்பதோ பெயரன்று. ஒரு நிறம் மற்றொன்றிலிருந்து எத்திசையில் விலகுகிறது என்னும் கணிப்பு. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976-இல் வகுத்த நிற அளவுமுறை எண்ணால் சொல்வதை இத்தொடர் சொல்லால் சொல்கிறது. ஒன்றை அறிவியல் என்றும் மற்றதைக் கைப்பழக்கம் என்றும் பிரிப்பது கல்விப்புலத்தின் வழக்கமேயன்றி நியாயமன்று.

இந்திய மோட்டார் காப்பீட்டு விதியை இங்கே நினைவுகூரலாம். பெயிண்டிங் கட்டணம் ஒரே தொகையாக வந்தால், அதில் பொருளின் பங்கு 25 விழுக்காடு எனக் கொண்டே தேய்மானம் கணக்கிடப்படுகிறது. எஞ்சிய முக்கால் பங்கு உழைப்புக்குரியது. அவ்வுழைப்பில் கையோடு கண்ணின் தீர்ப்பும் அடங்கும். "அடிபடாத பேனலுக்கு எதற்குக் கூலி?" என்று பேரம் பேசுவோர் குறைக்கச் சொல்வது அந்தத் தீர்ப்பின் விலையைத்தான்.

நிறமும் மொழியும் பற்றி ஆராய்வோர் வண்ண அட்டைகளோடு ஒரு பெயிண்ட் பட்டறைக்கும் போகவேண்டும். அங்கிருப்பவரைத் தகவலாளியாக மட்டுமன்றி, நிறம் அறிந்த வல்லுநராகவும் கொள்ளவேண்டும்.