கண்மாய் ஃபுல்... மடை க்ளோஸ்!

போன மாசம் ஊருக்குப் போயிட்டு, மானத்தை அடகு வெச்சுட்டு வந்தேன். அடகு வெச்ச இடம்: ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க் கரை. வாங்கிக்கிட்டவர்: எட்டாம் கிளாஸ் படிச்ச ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். அடகு வெச்ச பொருள்: 'சர்க்யூட் தியரி' பேப்பர்ல நான் வாங்கின 84 மார்க்!

சிரிக்காதீங்க பாஸ். நாளைக்கு உங்களுக்கும் நடக்கலாம். அதனாலதான் இந்த வாரம் முழுக்க அந்தக் கதை.

எங்க மாமாகிட்ட ஒரு மாருதி 800 இருக்கு. 2004 மாடல், வெள்ளை. (இப்ப அதை வெள்ளைன்னு சொன்னா வெள்ளை கேஸ் போடும்.) 15 வருஷம் முடிஞ்சு 2019-ல ஒரு தடவை, 2024-ல இன்னொரு தடவைன்னு ஆர்.சி. புதுப்பிச்சு ஓட்டிக்கிட்டு இருக்கார். மாமாவுக்கு வேலை திருப்பாலைக்குடி பக்கம். வண்டி நாள் பூரா கடற்காத்துல காயும். மாசத்துக்கு ஒரு தடவை அம்மாச்சியை ராமநாதபுரத்துக்குக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போறதும் இதே வண்டிதான்.

பிரச்னை என்னன்னா, காலையில கிளம்புறப்ப வண்டி சமர்த்து. உச்சி வெயில்ல திரும்பி வர்றப்ப குலுங்கும், இழுவை போகும், அப்படியே நின்னுடும். செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்தும், ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒரு ஒர்க்‌ஷாப்ல 'ஃப்யூவல் பம்ப் வீக்'னு சொல்லி புதுசு மாத்திட்டாங்க. சில ஆயிரம் ரூபாய் போச்சு. ஆறு வாரம் நல்லா ஓடிச்சு. ஏழாவது வாரம்... பழைய குருடி!

அன்னிக்கு நானும் வண்டியில இருந்தேன். பகல் ஒரு மணி. கண்மாய்க் கரையோரம் வண்டி படுத்துடுச்சு. கண்ணுல மருந்து போட்டு பச்சைத் துணி கட்டியிருந்த அம்மாச்சி, பின் சீட்டுல உக்காந்து முந்தானையால விசிறிக்கிட்டே சொல்லுச்சு: "எனக்காக இத வெச்சுக்கிட்டு அல்லாடாதடா. எடைக்குப் போட்டுரு. நா இனிமே ஆஸ்பத்திரிக்கு வரல."

மாமா ஒண்ணும் பேசல. என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ கரண்ட் படிப்புதானே படிக்கிற?"

84 மார்க் களத்தில்!

மேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1983 டிசம்பர்ல முதல் மாருதி 800 வந்தப்போ அதுல இருந்தது கார்புரேட்டர். டாங்க்கில இருந்து பெட்ரோலை இழுக்கிற பம்பை இன்ஜினே ஆட்டும். அதுக்கு கரண்ட் வேணாம். 1999 ஏப்ரல்ல டெல்லி காத்தைக் காப்பாத்த சுப்ரீம் கோர்ட் 'யூரோ' விதிகளைச் சீக்கிரம் கொண்டு வரச் சொல்லுச்சு. புகையைக் கட்டுப்படுத்தணும்னா பெட்ரோலைத் துல்லியமா அளந்து தெளிக்கணும். கார்புரேட்டர் அவுட், எம்.பி.எஃப்.ஐ. இன்! 2014 ஜனவரியில 800 தயாரிப்பு நின்னு போச்சு. ஆனா எம்.பி.எஃப்.ஐ. 800-ங்க இன்னும் நம்ம ஊர் ரோட்டுல நிறைய ஓடிக்கிட்டு இருக்கு.

இந்த வண்டிகள்ல பம்ப் டாங்க்குக்குள்ளேயே பெட்ரோல்ல முங்கிக் கிடக்கும். அதுக்கு உசுரே கரண்டுதான். சாவியை ஆன் பண்ணினதும் ஈ.சி.யூ. ஒரு ரிலேவைத் தட்டி, ரெண்டு மூணு செகண்டுக்கு மட்டும் பம்பை ஓட்டி, லைன்ல பிரஷர் ஏத்தி நிறுத்திடும். அப்புறம் இன்ஜின் சுத்துதுன்னு தெரிஞ்சாத்தான் திரும்ப ஓட்டும். ஆக்சிடென்ட்ல இன்ஜின் நின்னுட்டா பம்ப் சும்மா பெட்ரோலைக் கொட்டிக்கிட்டே இருக்கக் கூடாது இல்லையா, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

பேட்டரி – ஃப்யூஸ் – ரிலே – ஒயர் – கப்ளர் – பம்ப். பம்பைத் தாண்டி வர்ற கரண்ட் 'எர்த்' ஒயர் வழியா வண்டி பாடிக்குப் போய், திரும்ப பேட்டரிக்கு வரணும். மொத்த ரூட்டும் இவ்ளோதான். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. நான் மறந்தது அதைத்தான்!

ஐயா என்ன பண்ணினேன்? ஃப்யூஸைப் பார்த்தேன், ஓகே. அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேவைப் பிடுங்கி பம்ப் ரிலே இடத்துல மாட்டிப் பார்த்தேன், மாத்தமில்ல. மாமாவை சாவி போடச் சொல்லி பெட்ரோல் மூடிக்கிட்ட காதை வெச்சேன். 'உய்ய்ய்'னு வர வேண்டிய சத்தம், சீக்கு வந்த கொசு மாதிரி முனகுச்சு. சரி, பம்ப் கப்ளரைக் கழட்டி, என் டிஜிட்டல் மீட்டரை ரெண்டு முனையிலயும் வெச்சு, மாமாவை மறுபடி சாவி போடச் சொன்னேன். 12.3 வோல்ட்!

"மாமா, கரண்ட் கரெக்டா வருது. பம்ப்தான் அவுட்!"

"புது பம்ப் மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலையே மாப்ள..."

"டூப்ளிகேட் போட்டிருப்பாங்க மாமா!" (எவ்ளோ கான்ஃபிடன்ஸ் பாருங்க!)

மாமா பெருமூச்சு விட்டுட்டு யாருக்கோ போன் போட்டார்.

வந்தார் அண்ணன்... எடுத்தார் பல்பை!

டி.வி.எஸ். எக்ஸ்.எல்-ல ஒரு அண்ணன் வந்து இறங்கினார். டூல்ஸ் பையில இருந்து அவர் எடுத்தது ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, ரெண்டு ஒயர். அவ்ளோதான். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. கையில 10 மெகா ஓம் மீட்டர் வெச்சிருக்கிறவன் நான். இவர் பல்போட வர்றார்!

நான் 12.3 கணக்கைச் சொன்னேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, சாவியை ஆஃப் பண்ணச் சொன்னார். பம்ப் கழட்டின கப்ளர்ல பல்பு ஒயர் ரெண்டையும் சொருகினார். "இப்பப் போடு தம்பி."

பல்பு எரிஞ்சுது... கோயில் மூலையில எரியுற அகல் விளக்கு மாதிரி, மங்கலா!

மறுபடி சாவி ஆஃப். பல்போட எர்த் பக்க ஒயரை மட்டும் கப்ளர்ல இருந்து எடுத்து, ஒரு நீள ஒயர் வெச்சு நேரா பேட்டரி மைனஸ்ல மாட்டினார். "இப்பப் போடு."

பளிச்!

எனக்கு பேச்சே வரல. "அண்ணே, மீட்டர்ல 12.3 காட்டுச்சே?"

அவர் கண்மாய் பக்கம் கையைக் காட்டினார். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் தெரியும்ல? 'நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை'ன்னு பேர் வாங்கின கண்மாய். நாரையே ஒரே மூச்சுல பறந்து தாண்ட முடியாத அளவுக்குப் பெருசாம்!

"தம்பி, மடையை மூடி வெச்சுக்கிட்டு தண்ணி மட்டத்தைப் பாத்தா நெறையத்தான் தெரியும். மடை தூந்து கெடக்கா இல்லையான்னு எப்பத் தெரியும்? தொறந்து தண்ணி ஓட விட்டாத்தான் தெரியும். ஒன் மீட்டர் மட்டத்தைப் பாத்துச்சு. என் பல்பு தண்ணிய ஓட விட்டுச்சு."

கிளாஸ்ரூம் கணக்கு... இப்பத்தான் புரிஞ்சுது!

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்க. எர்த் ஒயர் பாடியில சேர்ற இடத்துல களிம்பு பிடிச்சு, 3 ஓம் தடை வந்துட்டதா வெச்சுக்குவோம். தோராயக் கணக்குதான்.

மீட்டரோட உள்தடை 1 கோடி ஓம். அது இழுக்கிற கரண்ட் ஒண்ணுமே இல்ல. கரண்ட் ஓடாத இடத்துல 3 ஓம் எதையும் தின்னாது. அதனால மீட்டர்ல முழு 12 வோல்ட்!

21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்புக்கு சுமார் 7 ஓம். களிம்போட சேர்த்தா 10. கரண்ட் 1.2 ஆம்பியர். பல்புக்குக் கிடைக்கிறது 8.4 வோல்ட், மீதி 3.6 வோல்ட்டை களிம்பு முழுங்கிடும். அதான் மங்கல்.

பம்ப் 4 ஆம்பியர் இழுக்கிறதுன்னா அதோட கணக்கு 3 ஓம். களிம்பும் 3 ஓம். ஆளுக்குப் பாதி! 12 வோல்ட்ல ஓட வேண்டிய பம்புக்கு 6 வோல்ட். முனகாம பாட்டா பாடும்?

ஓம் விதியை செமஸ்டருக்கு செமஸ்டர் எழுதியிருக்கேன் மக்களே. ஆனா அது ஒரு வெள்ளை மாருதியோட டிக்கியில ஒளிஞ்சிருக்கும்னு எனக்கு யாரும் சொல்லலை. சரி, தப்பு சொன்னவங்க மேல இல்ல. நான் யோசிக்கலை.

அண்ணன் எர்த் போல்ட்டைக் கழட்டினார். அடியில பச்சையும் பழுப்புமா களிம்பு, துரு. கடற்காத்து 20 வருஷமா செஞ்ச வேலை. உப்புத்தாள் போட்டு பாடி இரும்பு பளபளன்னு தெரியிற வரைக்கும் தேய்ச்சார். ஒயர் முனையை வெட்டி புது லக் வெச்சு அழுத்தி, புது போல்ட்டுல இறுக்கினார். இறுக்கின பிறகு மேல கிரீஸ் பூசினார். கப்ளரை மாட்டி சாவி போட்டா... 'உய்ய்ய்!' கம்பீரமான சத்தம். செல்ஃப் அடிச்சதும் வண்டி ஸ்டார்ட்.

அப்ப புது பம்ப் மாத்தினதும் ஆறு வாரம் எப்படி ஓடிச்சு? "மாத்துறப்ப இந்த ஒயரை அப்படி இப்படி அசைச்சிருப்பாங்க. களிம்பு கொஞ்சம் வெலகி வழி விட்டிருக்கும். பம்ப் மாத்துனதால சரியாச்சுன்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க" என்றார் அண்ணன். ஒண்ணுக்குப் பிறகு ஒண்ணு நடந்தா, முதல் ஒண்ணுதான் காரணம்னு அர்த்தமில்ல. இதை நான் அஞ்சு கிரெடிட் பேப்பர்லகூட கத்துக்கலை!

கூலி 250 ரூபாய். டீயும் வடையும் மாமா செலவு.

உங்க வீட்டு வண்டி மக்கர் பண்ணினா...

*காது:* சாவி ஆன் பண்ணி 2-3 செகண்ட் பம்ப் சத்தம் வருதான்னு கேளுங்க. 'வருதா, இல்லையா'ங்கிறது மட்டும் போதாது. நல்லா ஓடுற நாள்ல எப்படி இருக்கும்னும் காதுக்குத் தெரியணும்.

*லைட்டு:* சாவி போட்டதும் செக் இன்ஜின் லைட்டும் எரியலை, பம்பும் கப்சிப்னா, பம்பை விட்டுட்டு ஈ.சி.யூ.வுக்கே சப்ளை வருதான்னு பாருங்க. மெயின் ரிலே, ஃப்யூஸ், சாவி ஸ்விட்ச்சுன்னு தேடணும்.

*ஃப்யூஸ்:* போயிருந்தா அதே ஆம்பியர்தான் போடணும். பெருசு போட்டா ஒயர் ஃப்யூஸா மாறிடும்! திரும்பத் திரும்பப் போனா எங்கயோ ஷார்ட்.

*ரிலே:* 'டிக்'னு சத்தம் வந்தா நல்ல ரிலேன்னு அர்த்தமில்ல. உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கலாம். அதே நம்பர் ரிலேவை மாத்திப் போட்டுப் பாருங்க.

*எர்த்:* பம்பை மாட்டி, ஓடுறப்ப அளங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு பம்போட எர்த் ஒயர்ல. 0.1, 0.2 வோல்ட்னா நல்ல எர்த். அரை வோல்ட் தாண்டினா அங்கதான் திருடன்! ப்ளஸ் பக்கத்துக்கும் இதே டெஸ்ட்: பேட்டரி ப்ளஸ்ல ஒண்ணு, பம்ப் ப்ளஸ்ல ஒண்ணு.

*உஷார்:* டாங்க் பக்கம் பீடி, சிகரெட், பொறி எதுவும் கூடாது. கதவு, டிக்கியைத் திறந்து காத்தோட்டம் விட்டு, பெட்ரோல் வாடை இல்லாதப்ப மட்டும் கை வைங்க. பல்பை மாட்டுறதும் கழட்டுறதும் சாவி ஆஃப்ல இருக்கிறப்ப மட்டும். ஈ.சி.யூ., சென்சார், இன்ஜெக்டர் ஒயர்ல பல்பை வைக்கவே வைக்காதீங்க. அது இழுக்கிற கரண்ட்ல ஈ.சி.யூ.வே போயிடலாம். பிரஷர்ல இருக்கிற பெட்ரோல் பைப்பைக் கழட்ட முயற்சி பண்ணாதீங்க. அது மெக்கானிக் வேலை.

அப்புறம் ஒண்ணு. தாத்தா காலத்து கார்புரேட்டர் 800, பத்மினியில 'உய்ய்ய்' சத்தம் வரலையேன்னு தேடாதீங்க. அதுல பம்பை ஆட்டுறது இன்ஜின்தான்!

திரும்பற வழியில அம்மாச்சி, "அந்தப் புள்ள எந்த காலேசுல படிச்சுச்சாம்?"னு கேட்டுச்சு. மாமா என்னைக் கண்ணாடியில பார்த்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார். நான் ஜன்னல் வழியா கண்மாயை ரொம்ப சின்சியரா பார்த்துக்கிட்டு இருந்தேன்.

நேத்து மாமா போன் பண்ணினார். இந்த மாசமும் ராமநாதபுரம் போயிட்டு வந்தாச்சாம். உச்சி வெயில், ரெண்டு பக்கமும், நிக்கவே இல்லையாம். எடைக்குப் போடுற பேச்சை அம்மாச்சி இப்ப எடுக்கிறதில்லையாம்.

நான் ஒரு இண்டிகேட்டர் பல்பும் ரெண்டு ஒயரும் வாங்கி மீட்டர் பக்கத்துலயே வெச்சிருக்கேன். யாராவது 'பார்ட்டை மாத்து'ன்னு சொன்னா, இனிமே நான் கேக்கப் போற முதல் கேள்வி: "மடையைத் திறந்து பாத்தாச்சா?"

அடுத்த வாரம்: ராத்திரி பூரா சும்மா நிக்கிற பைக், காலையில பேட்டரி காலி! திருடன் யாரு? பிடிப்போம்... டாட்டா!